ஒரு கட்டில் அளவு இருட்டு

“அந்தக் கருப்பு டேலியாவை மட்டும் தோண்டிக் கடாசிடச் சொல்லிட்டாங்க பங்களாம்மா, அது பக்கத்துல போனாலே பொழுது சாஞ்சுடுதாம்” என்று கோத்தகிரி மினி பஸ்ஸின் முன்சீட்டில் இருந்த பங்களாச் சமையற்காரி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது, பின்சீட்டில் மருந்துச் சீட்டை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்த குணவதியின் காதில் விழுந்தது. அவளுக்காகச் சொல்லப்பட்டதல்ல அது. சமையற்காரி அதைச் சொல்லிவிட்டு மருமகள் வைத்த குழம்பைப் பற்றிப் பேசப் போய்விட்டாள். ஆனால் பதினொரு வருஷமாகப் பகல் நேரத்தில் இருட்டைத் தேடிக்கொண்டிருந்த ஒருத்தியின் காதில் அப்படி ஒரு பேச்சு விழுந்தால், அது விழுந்த இடத்திலேயே வேர் விட்டுவிடும்.

தூமட்டம் எஸ்டேட்டின் ஒன்பதாம் நம்பர் லைன் வீட்டு வரிசையில் கடைசி வீடு குணவதியுடையது. அவள் புருஷன் மாசிலாமணி டீ ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலரில் வேலை பார்த்தான். பகலில் பறித்த கொழுந்து சாயங்காலம் வரை வாடி ராத்திரியில்தான் அரைபடும். அதனால் ரோலருக்குப் பகல் வேலை என்று ஒன்று கிடையாது, அதற்கு வாயில் கொழுந்து ஊட்டுகிறவனுக்கும் கிடையாது. ஊர் போர்வையை மடிக்கிற நேரத்துக்கு அவன் வந்து படுப்பான். படுத்ததும் கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் ஊசி ஊசியாக இறங்கும், அடுத்த வீட்டு பிலோமினா கோழிகளைத் திறந்துவிடுவாள், குழாயடியில் குடங்கள் சண்டை போடும், லைனின் பதினாறு வீட்டு டிவியும் பதினாறு பேச்சுப் பேசும். கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு அவன் எழுந்து நடப்பான். கதவிலிருந்து அடுப்புவரை பதினோரு எட்டு, அடுப்பிலிருந்து கதவுவரை பதினோரு எட்டு. இப்படித் தூங்காமல் நடந்து நடந்து, அந்தப் பொங்கலுக்கு மறுநாள் ராத்திரி, இடது கைச் சுண்டுவிரலை ரோலருக்குக் கொடுத்துவிட்டு வந்தான். கட்டுப் போட்ட டாக்டர் குணவதியைத் தனியாகக் கூப்பிட்டு, “விரலுக்கு மருந்து குடுத்துட்டேன். தூக்கத்துக்கு நான் குடுக்க முடியாது. மாத்திரை போட்டா மிஷின்கிட்ட நின்னு தூங்குவார். பகல்ல தூங்க வைங்க. இல்லாட்டி அடுத்தது கைதான்” என்றார்.

அந்த மலையில் பூச்செடி விஷயத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேட்டு வாங்கிய செடி வேர் பிடிக்காது. கேட்காமல், சொந்தக்காரர் பார்க்காதபோது எடுத்து வந்ததுதான் பிடிக்கும். ஆகவே தோட்டம் நன்றாக வைத்திருக்கிற ஒவ்வொரு பெண்ணும் திருடிதான். கொடுக்க மனசுள்ளவர்கள் எடுக்க வந்தவளைக் கண்டதும் முதுகைத் திருப்பிக்கொள்வார்கள். மனசில்லாதவர்கள் கடைசிவரை பார்த்துக்கொண்டே நிற்பார்கள். கொழுந்து எடை முடிந்ததும் குணவதி பங்களாவின் பின்பக்கம் போனபோது, தோட்டக்காரர் பெள்ளி தோண்டி எடுத்த டேலியாக் கிழங்குகளைக் குப்பை மேட்டில் போட்டுவிட்டு மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். குப்பைதான், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனாலும் குணவதி வேலி ஓரமாகவே நின்றாள். பெள்ளி அவளைப் பார்த்தார், பீடியைப் பற்ற வைத்தார், திரும்பி எதிரே இருந்த ஊதாப்பூச் செடியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

“உருளைக்கிழங்குக்கு ஒடம்பெல்லாம் கண்ணு. இதுக்கு அப்படி இல்லே. கழுத்துலதான் கண்ணு. தண்டு சேர்ற எடம். கழுத்தை விட்டுட்டுக் கிழங்கை மட்டும் எடுத்துட்டுப் போற முட்டாளுங்க உண்டு. அது பூமியில கெடந்து அழுகும், அவ்வளவுதான்.”

ஊதாப்பூச் செடி பதில் சொல்லவில்லை. பெள்ளி திரும்பிப் பார்த்தபோது வேலியருகே யாரும் இல்லை.

ஜன்னலுக்குக் கீழே நட்டாள். ஏப்ரல் மழைக்கு முளைத்தது. தண்டு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. ஜூலை மாதம் ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்கு முதல் பூ விரிந்தது. நாவல் பழத் தோலின் கருப்பு, இதழ் இதழாக உள்ளே சுருண்டு போகும் கருப்பு. விரிந்தவுடன் அதைச் சுற்றி ஒரு சோற்றுப்பானை அளவுக்கு ராத்திரியாயிற்று. நிழல் இல்லை, மேகமூட்டமும் இல்லை, ராத்திரியேதான். உள்ளே கையை விட்டால் பனி படும், காதை வைத்தால் சில்வண்டு கேட்கும். இரண்டாவது பூவுக்கு அது குளிக்கிற அண்டா அளவாயிற்று, ஐந்தாவது பூவுக்கு ஒரு கட்டில் அளவு. அன்றைக்கு மாசிலாமணி வேலை முடிந்து வந்து கைகால் கழுவினான், கட்டிலைத் தூக்கிப்போய் அதற்குள் போட்டுப் படுத்தான். வெளியே டிவியும் குடமும் கோழியும் இருந்தன. ஆனால் அந்த இருட்டுக்குள் எல்லா ஓசையும் ராத்திரி ஓசையாக, அடுத்த மலையில் யாரோ பேசுவதுபோலத்தான் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் எழுந்து வந்து, “குணா, பசிக்குது” என்றான். பதினொரு வருஷத்தில் அவன் பசிக்குது என்று சொன்னது அன்றைக்குத்தான். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, தேவைக்கு மேல் இரண்டு தோசை ஊற்றினாள்.

லைன்காரர்கள் முதல் வாரம் வந்து பார்த்தார்கள். இரண்டாவது வாரம் பழகிக்கொண்டார்கள், மூன்றாவது வாரம் குறை சொல்லத் தொடங்கினார்கள். இருட்டு பூவுக்குப் பூ வளர்ந்து வேலியைத் தாண்டியிருந்தது. பிலோமினாவின் துணிக்கொடியில் பாதி பகலிலும் பாதி ராத்திரியிலும் இருந்தது. சட்டையின் ஒரு கை காய்ந்திருக்கும், மறு கையில் பனி சொட்டும். அவளுடைய கோழிகள் காலை பத்து மணிக்கே அடைந்துவிட்டன, முட்டை நின்றுபோயிற்று. சேவல் இருட்டுக்குள் போய்த் திரும்பி வெளியே வரும்போதெல்லாம் விடிந்துவிட்டது என்று கூவியது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை விடிந்தது. ஏழாம் வீட்டுக்காரி அந்தி மந்தாரை எந்த நேரத்தில் பூப்பது என்று தெரியாமல் பாதி விரிந்து நிற்பதாகப் புகார் சொன்னாள். கரன்ட் ஆபீஸ்காரர் ஒருவர் கம்பம் ஏறி டியூப் லைட் போட்டார். அது எரிந்தது, ஆனால் தன்னை மட்டும் காட்டிக்கொண்டு எரிந்தது. எஸ்டேட்டின் நலத்துறை அதிகாரி டார்ச்சோடு வந்து இருட்டுக்குள் போனார், ஏதோ எழுதினார், வெளியே வந்து பார்த்தால் ஒரே வரியின் மேல் ஏழு வரிகளை எழுதியிருந்தார். அதை அப்படியே மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள் அதைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் எழுதினார்கள்.

அப்புறம் வழி சொல்வதற்கும் அது பயன்பட்டது. “இருட்டுக்கு முந்தி ரெண்டாவது வீடு” என்று தபால்காரருக்குச் சொன்னார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குணவதியின் பெயரை யாரும் சொல்லவில்லை. அவள் குழாயடிக்கு வந்தால் பேச்சு நின்றது, அவள் குடத்தை வைத்த இடத்துக்கு முன்னால் இன்னொரு குடம் வந்து உட்கார்ந்தது. குணவதியும் சாது இல்லை. முன்னால் வைத்த குடத்தைக் காலால் நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைப்பாள்.

இருட்டுக்கு முதலில் பாயோடு வந்தவன் ஃபேக்டரியில் தூளை உலர்த்தும் டிரையரின் வேலைக்காரன் ஒருவன். மறுநாள் இரண்டு பேர். ஆவணி பிறப்பதற்குள் ராத்திரி வேலைக்காரர்கள் எட்டுப் பேர் காலை எட்டு மணிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, செருப்பை வெயிலில் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு, இருட்டுக்குள் குனிந்து போய்ப் படுத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் செருப்புகள்தான் தெரியும். ஒருநாள் பிலோமினா அந்த வரிசையில் எட்டாவது செருப்பைப் பார்த்தாள். கட்டைவிரல் பக்கம் வார் அறுந்து, சேஃப்டி பின் போட்டிருந்தது. அந்தப் பின்னைப் போட்டவளே அவள்தான்.

அன்றைக்குக் குழாயடியில் அவள் யாரையும் பார்க்காமல், குழாயைப் பார்த்துச் சொன்னாள்: “ஊர்ல எவ எவளோ கடை போடுறா. ஒருத்தி இட்லிக் கடை, ஒருத்தி பூக்கடை. இப்ப ஒருத்தி படுக்கைக் கடை போட்டிருக்கா.”

பெண்கள் சிரித்தார்கள். குணவதி தன் குடம் நிறைகிறவரை காத்திருந்தாள். “ஒம் புருஷனை நானா கூப்பிட்டேன், பிலோமினாக்கா? உன் வீட்ல நீ வாயை மூடுற ஒரு மணி நேரம் இருந்திருந்தா அவரு ஏன் என் வீட்டு இருட்டுக்கு வர்றாரு?”

“ஏய், யாருக்குடி வாய்? கட்டினவனைத் தூங்க வைக்க வக்கில்லாம குப்பையில பொறுக்கின செடியை வச்சு ஊரையே இருட்டடிச்சவளுக்கா, எனக்கா?”

“குப்பையில பொறுக்கினதா? திருடினேன். முறைப்படி திருடினேன். வேணும்னா பெள்ளி அண்ணனைக் கேட்டுப் பாரு.”

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் ஒரு செங்கல் அகலச் சுவர்தான். இந்த வீட்டில் கரண்டி விழுந்தால் அந்த வீட்டில் கேட்கும். பிலோமினா அந்தச் சுவரின் மேல் வேண்டுமென்றே அம்மியைச் சாய்த்து வைத்தாள், எடுக்கும்போதும் வைக்கும்போதும் இடிக்கட்டும் என்று. அவள் புருஷன் சூசை மட்டும் எட்டு மணிக்குப் பாயை எடுத்துக்கொண்டு, வீட்டின் முன்வாசல் வழியாகப் போகாமல் பின்பக்கம் சுற்றி, அதே இருட்டுக்குப் போனான்.

கரடி வந்தது செப்டம்பரில். காட்டிலிருந்து இறங்கி லைனுக்கு ராத்திரியில் வருவது அதற்கு வழக்கந்தான். இப்போது காலை பதினொரு மணிக்கே ஒரு ராத்திரி தயாராக இருந்ததால் அதற்கு வந்தது. யார் மேலும் கை வைக்கவில்லை. படுத்திருந்தவர்களுக்கு நடுவில் ஒரு இடம் பார்த்துப் படுத்துக்கொண்டது. நாலு மணிக்கு எழுந்த டிரையர்காரன், பக்கத்தில் குறட்டை விடுகிற சூசையை, “அண்ணே, டீ குடிக்கலாம் வாங்க” என்று உலுக்கினான். உலுக்கின கைக்கு உரோமம் அகப்பட்டது. எட்டுப் பேரும் எட்டுத் திசையில் வெயிலுக்கு ஓடி வந்தார்கள். கரடி கொட்டாவி விட்டுக்கொண்டே கடைசியாக வந்தது, வெளிச்சம் பிடிக்காமல் பக்கத்தில் திறந்திருந்த கதவுக்குள் நுழைந்தது. அது பிலோமினாவின் சமையலறை. எண்ணெய் டின்னை நசுக்கிக் குடித்தது, வெல்லப் பானையை உடைத்தது, மாதா படத்துக்கு முன்னால் இருந்த விளக்கை நக்கித் துடைத்தது, போகிற போக்கில் கோழிக்கூட்டின் மேல் உட்கார்ந்துவிட்டுப் போயிற்று. பதினாறு கோழியில் மூன்று மிஞ்சின.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடை போடும் கொட்டகையில் லைன் கூடியது. சூப்பர்வைசர் கனகராயன் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு எஸ்டேட்டில் சூப்பர்வைசர் வேலை, வீட்டுப் பின்னால் அரை ஏக்கர் உருளைக்கிழங்கு. அவர் வாயிலிருந்து வருகிற எந்தத் தீர்ப்பிலும் உருளைக்கிழங்கு ஒன்று இருக்கும்.

“ஒரு கிழங்கு அழுகினா மூட்டையே போயிடும்” என்றார். “தோண்டிற வேண்டியதுதான்.”

இருட்டில் தூங்கின எட்டுப் பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஒவ்வொருவன் பக்கத்திலும் அவன் பெண்டாட்டி இருந்தாள். அந்த எட்டுப் பேரும் தரையில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

குணவதி எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசினதே இல்லை. குழாயடி வேறு, கூட்டம் வேறு. “அவருக்கு இன்னும் ஒம்போது விரல் இருக்கு. அதையாவது விட்டு வைங்க” என்றாள்.

பிறகு பிலோமினா எழுந்தாள்.

“எங்க வீட்டுக்குள்ள கரடி பூந்தப்ப, எனக்கு எத்தனை விரல் மிச்சமிருக்குன்னு நீ வந்து கேட்டியாடி? அடுப்படியில நான் இருந்திருந்தா? சுவருக்கு அந்தப்பக்கம்தானே இருந்தே. சட்டி ஒடையற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தியே. வந்தியா?”

குணவதி வரவில்லை. அது உண்மை. சத்தம் கேட்டதும் அவள் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள், அதோடு, அந்த ஒரு நொடியில், எண்ணெய் டின் நசுங்குகிற சத்தம் அவளுக்கு இனிமையாகவும் இருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

கொத்தும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு எல்லாரும் ஒன்றாகவே வந்தார்கள். இருட்டுக்குள் கண் தெரியாததால் தடவித் தடவித்தான் வெட்டினார்கள். பூக்களை முதலில் வெட்டினார்கள். ஒவ்வொரு பூவும் விழ விழ அந்த அளவுக்கு வெயில் திரும்பி வந்து தொப்பென்று விழுந்தது. கடைசிப் பூ விழுந்ததும், கட்டிலில் படுத்திருந்த மாசிலாமணி நடுப்பகலில், எல்லார் முன்னாலும், கைலியோடு தெரிந்தான். எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டான். நாலு விரல் கை அது. யாரும் அவன் பக்கம் பார்க்காமல் வேகமாகத் தோண்டினார்கள். கொத்துப் பிடித்தவர்களில் சூசையும் ஒருவன்.

கிழங்குகள் கொத்துக் கொத்தாக வெளியே வந்தன. கனகராயன் ஒன்றை முறித்து எடுத்து, துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது வருஷம் உருளைக்கிழங்கு போட்டவரின் விரல்கள் தானாகவே கண்ணைத் தேடின. “மொழுமொழுன்னு இருக்கு. ஒத்தைக் கண்ணு இல்லை. இது முளைக்கிற சாதியே இல்லையப்பா. எதுக்கும் கிழங்கை மட்டும் முறிச்சு நசுக்கிடுங்க. தண்டைத் தூக்கி எருக்குழியில போடுங்க, எருவாகட்டும்” என்றார். அப்படியே செய்தார்கள். சதைப்பற்றான கிழங்குகளைக் கல்லில் வைத்துக் கூழாக்கினார்கள். கழுத்தோடு இருந்த தண்டுக் கட்டைகளை, கண்கள் இருந்த அந்தக் கழுத்துகளை, ஒன்றையும் விடாமல் பொறுக்கி லைனுக்குப் பொதுவான எருக்குழியில் போட்டார்கள்.

குணவதி கதவு நிலையில் சாய்ந்து நின்று இதை முழுக்கப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. ராத்திரி அவளே போய் எருக்குழியில் துழாவிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கலாம், ஆனால் கனகராயன் போகும்போது, “இனிமே இந்த வீட்டுக்கு எருவில பங்கு கிடையாது. குழிப் பக்கம் இவ காலு தெரிஞ்சா சொல்லுங்க” என்றார். அதைச் சொல்வதற்குப் பதினைந்து வீடுகளும் தயாராக இருந்தன.

மாசிலாமணி மறுபடி நடக்க ஆரம்பித்தான். பதினோரு எட்டு, திரும்பு, பதினோரு எட்டு. உறைபனி விழுந்த மாதங்களிலும் நடந்தான், மார்ச் மாதம் எல்லாரும் எருக்குழியைத் திறந்து கூடை கூடையாக எரு அள்ளிக் கிழங்கு நடவுக்குக் கொண்டுபோனபோதும் நடந்தான். சுவருக்கு இந்தப்பக்கம் பிலோமினாவுக்கு அது கேட்டது. அரிசி களைந்தாலும் கேட்டது, ஜெபம் சொன்னாலும் கேட்டது. தன்னை அறியாமலே அவள் எண்ணினாள். பத்தாவது எட்டில் நின்றுவிட்டால் பதினொன்றுக்காகக் காத்திருந்தாள். சாய்த்து வைத்திருந்த அம்மியை ஒருநாள் அங்கிருந்து எடுத்து முற்றத்தில் போட்டாள். சூசை ஏன் என்று கேட்டதற்கு, “என் அம்மி, நான் எங்க வேணும்னாலும் போடுவேன்” என்றாள்.

ஜூன் மழையில், அதிகாலை மூன்று மணி வாக்கில், ரோலர் மாசிலாமணியிடமிருந்து இன்னும் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. ஒன்பது ஏழாயிற்று. சுவிட்சை அணைத்தவன் சூசை. விடிந்து வந்து கை கழுவினான், பிறகும் கழுவினான், சோப்புக் கரைந்து தீரும்வரை கழுவினான்.

“அவன் தூங்கிட்டிருந்தான், பிலோ” என்றான். “நின்னுக்கிட்டே. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. என்னைப் பார்த்துச் சிரிச்சான். நான் வேலை செய்யறான்னு நினைச்சேன்.”

“அதுக்கு நான் என்ன பண்றது?”

“உன்னை ஒண்ணும் பண்ணச் சொல்லலையே.”

“பின்ன எங்கிட்ட எதுக்குச் சொல்றே?”

சூசை பாயை எடுத்துக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நின்றுவிட்டு, மறுபடி உள்ளே வந்து வைத்தான்.

அந்த மாதமே லைனில் அங்கங்கே கத்தரிக்காய் நிறத் தண்டுகள் எழும்பியிருப்பது தெரிய வந்தது. எருவோடு வந்தவை. கிழங்குப் பாத்தியில், கோஸ் பாத்தியில், ஒரு வீட்டில் துளசி மாடத்தின் காலடியில். மொட்டு வைத்ததும் மொட்டைச் சுற்றி ஒரு கட்டைவிரல் அளவு இருட்டு வந்து காட்டிக்கொடுத்தது. கனகராயனுக்கு அவமானமாக இருந்தது. நாற்பது வருஷக் கிழங்கு அனுபவத்தை ஒரு தண்டு ஏமாற்றிவிட்டது. மண்ணெண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஆறு வீடுகளில் வேரோடு பிடுங்கி, கழுத்தை அறுத்து, கொளுத்தினார். குணவதி அந்தப் புகையின் நாற்றத்தைத் தன் வாசலில் நின்று முகர்ந்தாள். ஏழாவதாக அவர் பிலோமினாவின் வேலியைத் திறந்தார்.

பிலோமினா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு எதிரே வந்தாள். “எங்க வர்றீங்க?”

“எல்லா வீட்லயும் பார்த்துட்டு வர்றேன்மா.”

“என் வீட்லயா? தோண்டணும்னு கொட்டகையில எழுந்து நின்னு கத்தினவ நான். கரடி என் வீட்லதான் எண்ணெய் குடிச்சுது, உங்க வீட்ல இல்ல. என்னையே சோதிக்கிறீங்களா? போய் அந்த எருக்குழியில முதல்ல கொளுத்துங்க, எல்லாம் நீங்க போடச் சொன்னதுதானே?”

கனகராயன் கேனைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு எட்டாவது வீட்டுக்குப் போனார்.

பிலோமினாவின் முற்றத்தில், வேலி ஓரத்தில், கோழி கவிழ்க்கிற மூங்கில் பஞ்சாரம் ஒன்று கவிழ்ந்திருந்தது. கோழிகள் மூன்றும் வெளியேதான் மேய்ந்துகொண்டிருந்தன.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை. மாசிலாமணியின் கட்டைப் பிரித்தாகிவிட்டது. திங்கட்கிழமை ராத்திரியிலிருந்து வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள், அதே ரோலர். உள்ளே அவன் நடந்துகொண்டிருந்தான். குணவதி வாசலில் உட்கார்ந்து, வெட்டிப் போட்டு ஒரு வருஷம் ஆகப்போகிற அந்தக் குழியில் முளைத்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பிடுங்க வேண்டிய அவசியம் இல்லை. கையில் சிறிய களைக்கொத்து இருந்தது.

மூன்று மணி இருக்கும். நல்ல வெயில். வேலிக்கு அந்தப்பக்கம் பஞ்சாரத்தின் மூங்கில் இடுக்குகள் வழியாக இருட்டுக் கசிந்துகொண்டிருந்தது. முதலில் குணவதி அது ஈரம் என்று நினைத்தாள். பிறகு சில்வண்டு கேட்டது.

அவள் எழுந்து நின்றாள். பிலோமினா வீட்டுக்குள்ளிருந்து முறத்தோடு வந்தவள் அவளைப் பார்த்தாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

“என்னடி பார்க்கிறே?”

குணவதி பஞ்சாரத்தையே பார்த்தாள்.

“ஊருக்குச் சொல்லப் போறியா? போ, சொல்லு. கனகராயனைக் கூட்டிட்டு வா. கொளுத்தட்டும். எனக்கென்ன, என் கோழிக்குத்தான் நல்லது.”

“நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லல.”

“பின்ன என்ன, பல்லைக் காட்டிக் கேக்கப் போறியா? அக்கா குடுங்கக்கான்னு?”

“கேக்க மாட்டேன்” என்றாள் குணவதி. “செத்தாலும் உங்கிட்ட கேக்க மாட்டேன்.”

“கேட்டாலும் குடுக்க மாட்டேன். குடுத்தா இந்த எழவு வேர் புடிக்காதுன்னு இந்த மலையில கழுதைக்குக்கூடத் தெரியும்.”

பிலோமினா முறத்தைக் கீழே வைத்தாள். போய்ப் பஞ்சாரத்தைத் தூக்கினாள். ஒரு பூதான் விரிந்திருந்தது. அடங்கிக் கிடந்த இருட்டு பானை அளவுக்கு எழும்பி நின்றது. அடியில் மண் புதிதாக, ஈரமாக, சுற்றிலும் கொத்திவிடப்பட்டிருந்தது. தண்டு சாயாமல் இருக்க ஒரு குச்சி நட்டு, கிழிந்த கொசுவலைத் துண்டால் தளரக் கட்டியிருந்தது. அவள் பஞ்சாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

சுவருக்குள்ளே எட்டு, ஒன்பது, பத்து என்று கேட்டது. நின்றது. பதினொன்று கேட்கவில்லை.

“திருட்டு முண்டை” என்றாள் பிலோமினா.

வேலிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். எதிரே இருந்த மலையைப் பார்த்தபடி, தன் கோழிகளை ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணத் தொடங்கினாள். அவளிடம் இருந்தது மூன்று கோழி. அவள் நூறு வரைக்கும் எண்ணினாள்.